பூசணிக்காய் மேல்தான் கேஸ்

அன்றைக்கு ஷமீமாவைக் கூப்பிட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழு மாதமாக இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்திருந்து, சாப்பிட்டது செரிக்காமல் அலைந்தவள் நான்.

கெர்பாவ் சாலையில் எனக்கு ஒரு கடை இருக்கிறது. கல்யாணப் பெண்களுக்கு நகை வாடகைக்கு விடுகிறேன். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், ஜடைபில்லை, எல்லாம் கவரிங். பக்கத்துக் கடை ஷமீமாவுடையது. அவள் மருதாணி போடுவாள். பெண்கள் என்னிடம் நகை பார்த்துவிட்டு அவளிடம் போய்க் கையை நீட்டுவார்கள், அவளிடம் வந்தவர்களை அவள் என்னிடம் அனுப்புவாள். ஒன்பது வருடமாக இப்படி. விரல் நுனியில் ஒரு கொடியை ஆரம்பித்தால் முழங்கை வரை கோனை எடுக்காமல் இழுத்துவிடுவாள். பார்க்கிற எனக்குத்தான் மூச்சு முட்டும்.

அமாவாசைக்கு அமாவாசை நான் கடை வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பேன். தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய சாம்பல் பூசணி, மேலே சூடம், உள்ளே குங்குமம். மூன்று சுற்றுச் சுற்றி அஞ்சடியில் ஓங்கிப் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட வேண்டும். அஞ்சடி என்றால் கடைகளின் முன்னால் கூரைக்குக் கீழே போகிற நடைபாதை. ஊரே நடக்கிற இடம். எங்கள் வீட்டு வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு. உடைத்தவர் கையால் அள்ளக் கூடாது. அள்ளினால் கழித்த கண்ணெல்லாம் மறுபடி கையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் எங்கள் கடையில் அள்ளுவது அன்னம்மாக்கா. காலையில் கூட்டிப் பெருக்க ஜூரோங்கிலிருந்து வருகிறவர். "நான் வேதக்காரி லா, உங்க கண்ணு எனக்கு ஒட்டாது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே முறத்தில் வாரிப் பையில் கட்டிவிடுவார்.

அன்றைக்கு ரயில் எங்கேயோ நின்றுவிட்டது. ஒன்பதே முக்காலுக்கு நான் உடைத்தேன். பத்தேகால் வரை அன்னம்மாக்கா வரவில்லை. பெரிய துண்டுகளைச் செருப்புக் காலால் ஓரத்துக்கு ஒதுக்கினேன். காலால் ஒதுக்கினால் அள்ளியதாகாது என்று எனக்கு நானே சலுகை கொடுத்துக்கொண்டேன். தூணுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு மட்டும் விதையும் வழவழப்புமாகத் தரையில் அப்பிக் கிடந்தது. அது காலுக்கு வரவில்லை. குனிந்து எடுக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. பார்த்தேன், அப்படியே விட்டுவிட்டேன்.

அப்புறம் போய் இரண்டு தே, டீயைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம், வாங்கி வந்தேன். கடை வாசலில் நின்றுகொண்டு, "ஷமீமா! தே ஆறுது, ஓடி வாடி!" என்று கத்தினேன். அவள் ஓடி வந்தாள். கீழே பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். கால் வழுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தாள். அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை எனக்கு.

மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தகடு வைத்துத் திருகாணி முடுக்கினார்கள். அவள் கணவர் ஜலாலுதீன் அண்ணன் வந்தபோது, "என் தப்புதாண்ணே, என் தப்புதான்" என்று அழுதேன். அவர் அவள் கைப்பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் இன்சூரன்ஸ்காரரிடம் சொன்னேன். கடை வாடகை ஒப்பந்தத்தில் கட்டாயம் என்பதால் எடுத்து வைத்திருந்த பாலிசி. போனில் பேசிய அம்மாள் சொன்னார்: "இனிமே அவங்ககிட்ட இதப் பத்தி எதுவும் பேசாதீங்க. சாரி கூடச் சொல்லாதீங்க. சாரி சொன்னா ஒத்துக்கிட்ட மாதிரி."

"நான் ஏற்கெனவே சொல்லிட்டேனே."

"இனிமே சொல்லாதீங்க."

நான் பயந்த சுபாவம். வெளியே வாய் இருக்கிற அளவுக்கு உள்ளே தைரியம் கிடையாது. 'இதப் பத்திப் பேசாதீங்க' என்றதை 'பேசவே பேசாதீங்க' என்று எடுத்துக்கொண்டேன். இதைப் பற்றிப் பேசாமல் அவளிடம் வேறு எதைப் பற்றிப் பேசுவது? ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்ததோடு சரி. அவள் வீட்டுக்கு வந்த பிறகு போகவில்லை. கட்டுப் போட்ட கையோடு கடைக்கு வந்து உட்கார ஆரம்பித்தபோது, அவள் ஷட்டர் சத்தம் கேட்டால் நான் பின்னறைக்குப் போய்விடுவேன். வந்த பெண்களை "இப்ப போடுறதில்ல, கை சரியில்ல" என்று அவள் திருப்பி அனுப்புவது சுவர் வழியாகக் கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே நான் ஒட்டியாணம் துடைப்பேன்.

இரண்டாம் மாதக் கடைசியில் வக்கீல் கடிதம் வந்தது. ஷமீமாவின் பெயரும் என் பெயரும் ஒரே தாளில், நடுவில் 'எதிராக' என்ற சொல். கேஸ் என்றால் நமக்கெல்லாம் போலீஸ், விலங்கு, கூண்டு இதுதானே நினைவுக்கு வரும்? அன்னம்மாக்கா அந்தத் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஜெயிலாம்மா?" என்று கேட்டார். அவர் ரயில் தாமதமானதற்காகத் தானும் உள்ளே போக வேண்டியிருக்குமோ என்ற பயம் அவருக்கு. இரண்டு பேரும் பாக்கெட் பிஸ்கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தோம்.

இன்சூரன்ஸ் எனக்காக வைத்த வக்கீல் பெயர் அருண்ராஜ். தஞ்சோங் பகாரில், பதினாலாவது மாடியில் அலுவலகம். முப்பது வயதுகூட இருக்காது. முதல் வேலையாக என் பயத்தைக் கேட்டுச் சிரித்தார்.

"ஜெயில் எல்லாம் இல்ல மேடம். இது குற்றம் இல்ல, சிவில் தவறு. குற்றம்னா அரசாங்கம் உங்க மேல கேஸ் போடும், தண்டனை குடுக்கும். இது ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் நடுவுல உள்ளது. உங்க கவனக்குறைவால அவங்களுக்கு நட்டம் வந்துச்சா, வந்தா அதை யார் ஈடு கட்டணும், அவ்வளவுதான்."

"வேணும்னு செய்யலையே நான்?"

"வேணும்னு செய்யணும்னு இல்லையே. நீங்க செய்யுறதால யாருக்கு அடிபடும்னு யோசிச்சா தெரியுமோ, அவங்க விஷயத்துல நீங்க கவனமா இருக்கணும். அது உங்க கடமை. அதுல தவறிட்டீங்களா, அந்தத் தவறாலதான் அடிபட்டுச்சா, இதைத்தான் பார்ப்பாங்க. கோர்ட் ஒரு நியாயமான மனுஷனை நினைச்சுப் பார்க்கும். அந்த ஆள் உங்க இடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்பார்?"

இந்த நியாயமான மனுஷன் மேல் எனக்கு அன்றே எரிச்சல் வந்துவிட்டது. அவருக்கென்ன, அவர் அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைப்பாரா? உடைத்தவர் அள்ளக் கூடாது என்று அவர் மாமியார் அவருக்குச் சொல்லியிருக்கிறாரா? ஆனால் வீட்டுக்குப் போகிற ரயிலில் நினைத்துப் பார்த்தபோது, மாமியார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்த ஆள் குனிந்து எடுத்திருப்பார் என்றுதான் தோன்றியது. குறைந்தபட்சம் அந்தத் துண்டின் வழியாக ஒருத்தியை ஓடி வா என்று கூப்பிட்டிருக்க மாட்டார்.

அடுத்த சந்திப்பில் அருண்ராஜ் கேட்டார்: "நீங்க பூசணிக்காய் உடைக்குறது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எவ்வளவு நாளா?"

"ஒன்பது வருசமா. நூறு அமாவாசை இருக்கும். தாண்டித்தான் போவா."

அவர் முகம் மலர்ந்தது. "இது முக்கியம். அங்க வழுக்கும்னு தெரிஞ்சும் பார்க்காம வந்திருக்காங்க. அப்போ தவறுல அவங்களுக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கு அளவுக்கு ஈடு குறையும்." எழுதிக்கொண்டே, "அப்போ அவங்க என்ன செஞ்சுட்டிருந்தாங்க? இன்சூரன்ஸ் ஃபார்ம்ல 'நடந்து வந்தார்'னு எழுதியிருக்கீங்க" என்றார்.

"ஆமா."

"வேற எதுவும் இல்லையே?"

"இல்ல."

அந்த 'இல்ல' அவ்வளவு சுலபமாக வந்தது. ஃபார்மில் முதலில் எழுதாமல் விட்டது பயத்தில். இப்போது சொன்னால் ஏன் முதலில் சொல்லவில்லை என்று கேட்பார்கள். மறைத்தாய், பாலிசி செல்லாது என்று சொல்லிவிட்டால் கடையை விற்றாலும் போதாது. என் வீட்டுக்காரருக்கும் வேலை போய் ஒரு வருடம் ஆகிறது, வீடு ஓடுவது அந்தக் கவரிங் நகையில்தான். இப்படிப் பல நியாயம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நியாயமும் ஒரு நாளைக்கு மேல் தாங்கவில்லை. அமாவாசை வந்தால் பூசணிக்காய் உடைக்கவும் பயம், உடைக்காமல் விடவும் பயம். வாசலில் யாராவது வேகமாக நடந்தால், "மெதுவா, மெதுவா" என்று என் வாய் தானாகச் சொல்லும். வாடிக்கையாளர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

ஏழாம் மாதம் சமரசக் கூட்டம் வைத்தார்கள். கோர்ட்டுக்குப் போகும் முன் இரு தரப்பும் உட்கார்ந்து பேசிப் பார்ப்பது. அதே பதினாலாவது மாடி, நீள மேசை. எதிர்ப்பக்கம் ஷமீமா, ஜலாலுதீன் அண்ணன், அவர்களுடைய வக்கீல் மிஸ் டான். ஷமீமா இளைத்திருந்தாள். சால்வைக்குள் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடியிருந்தாள். இவ்வளவு நாளில் இப்போதுதான் அவளை நேருக்கு நேர் பார்க்கிறேன். அவளும் பார்த்தாள். உடனே மேசையைப் பார்த்துக்கொண்டாள்.

மிஸ் டான் ஷமீமாவின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் படித்தார். கடையிலிருந்து வெளியே வந்ததாகவும், அஞ்சடியில் நடந்துகொண்டிருந்ததாகவும், பூசணித் துண்டில் வழுக்கி விழுந்ததாகவும் இருந்தது. அவ்வளவுதான்.

நான் கூப்பிட்டது அதில் இல்லை.

முதலில் படிக்கும்போது விட்டுவிட்டாரோ என்று நினைத்தேன். இல்லை. ஷமீமா சொல்லவே இல்லை. நான் பயத்தில் மறைத்ததை அவளும் மறைத்திருக்கிறாள். எதற்காக என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

அருண்ராஜ் அந்த வாக்குமூலத்தையே பிடித்துக்கொண்டார். தவறு அவர் பேரிலும் இல்லை, அவர் கையில் இருந்தது அந்தத் தாள்தான். "அவங்க அவசரப்படல. யாரும் கூப்பிடல. பட்டப்பகல். ஒன்பது வருசமாத் தெரிஞ்ச இடம். ஒரு தடவை கீழ பார்த்திருந்தா விழுந்திருக்க மாட்டாங்க. நூத்துக்கு நாற்பது பங்கு அவங்க தவறு." ஜலாலுதீன் அண்ணன் தாடையை இறுக்கினார். மிஸ் டான் ஷமீமா பக்கம் சாய்ந்து ஏதோ மெதுவாகக் கேட்டார். ஷமீமா தலையாட்டினாள்.

"ஓகே," என்றாள். "என் மேலயும் தப்புதான். பார்த்து வந்திருக்கணும்."

அந்தப் பேச்சை என்னால் தாங்க முடியவில்லை. நான் வாயைத் திறப்பதைப் பார்த்து அவள் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். ஒன்பது வருடத்தில் வாடிக்கையாளர் முன்னால் எத்தனை தடவை அப்படிச் சொல்லி என் வாயை அடைத்திருக்கிறாள். அன்றைக்கு அடங்கவில்லை. ஆங்கிலமெல்லாம் எங்கேயோ போய்விட்டது, தமிழில்தான் வந்தது.

"அவ மேல தப்பு இல்ல. நான்தான் கூப்பிட்டேன். தே ஆறுது ஓடி வான்னு கத்தினேன். அந்தத் துண்டு அங்க கிடக்குறதைப் பார்த்துட்டுத்தான் கூப்பிட்டேன். அவ என்னைப் பார்த்துக்கிட்டே ஓடி வந்தா."

மிஸ் டானுக்குப் புரியவில்லை. அருண்ராஜுக்கு நன்றாகப் புரிந்தது. பத்து நிமிடம் இடைவேளை கேட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார்.

"நான் கேட்டேனே மேடம், வேற எதுவும் இல்லையான்னு கேட்டேனே."

"கேட்டீங்க. பொய் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "இந்தக் கூட்டத்துல பேசுறதை கோர்ட்ல எடுத்துச் சொல்ல முடியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரியாத மாதிரி இனி நான் ஒரு வரி எழுத முடியாது. இன்சூரன்ஸுக்கும் சொல்லியாகணும். அவங்க கை விரிச்சாலும் விரிக்கலாம். அப்படி விரிச்சா முழுசும் உங்க தலையில, புரியுதா?"

புரிந்தது. ஆனால் செரிக்காமல் கிடந்தது இறங்கிவிட்டது போலவும் இருந்தது. அவர் போனை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் போனார். நான் அறைக்குத் திரும்பினேன். மிஸ் டானும் ஜலாலுதீன் அண்ணனும் வெளியே போயிருந்தார்கள். ஷமீமா மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி வைஷு சொன்னே?" என்றாள். குரலில் அவ்வளவு கோபம்.

"நீ ஏன்டி சொல்லல?"

"கேஸ் போடணும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னப்ப, வைஷு மேல போட மாட்டேன்னு சொன்னேன். அவ மேல இல்ல, இன்சூரன்ஸ்தான் குடுக்கும்னாரு. சரி, பூசணிக்காய் மேல போட்டுக்கங்கன்னேன். அது உங்க வழக்கம், வழக்கத்தால வந்தது, குடுக்கட்டும். ஆனா நீ கூப்பிட்டது வழக்கம் இல்லையே. அது நீ. அதை எழுதினா உன் மேலதானே கேஸ்? அதான் விட்டுட்டேன்."

"விட்டதால நாற்பது பங்கை உன் தலையில கட்டுறாங்க."

"கட்டட்டும். அது எனக்குப் பெருசா படல." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஏழு மாசம் நீ பேசாம இருந்ததுதான்டி பெருசு."

"இன்சூரன்ஸ்ல பேசக் கூடாதுன்னு..."

"நடுவுல ஒரு சுவர்தானே இருக்கு. அந்தச் சுவருக்குள்ளயா இன்சூரன்ஸ்காரங்க நின்னாங்க?"

வெட்கமாக இருந்தது. உள்ளே வந்த ஜலாலுதீன் அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி வெளியே போய்விட்டார்.

அதற்கப்புறம் பதினோரு நாள். இன்சூரன்ஸ் கையை விரிக்குமா என்று தெரியாத பதினோரு நாள். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று விளக்கக் கடிதம் கேட்டார்கள். 'பயந்துவிட்டேன்' என்று ஒரே வரி எழுதினேன். அருண்ராஜ் அதை ஒரு பக்கமாக நீட்டி எழுதி அனுப்பினார். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். கடையை விற்க ஆள் பார்க்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் அழுதுவிட்டேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. இந்தத் தடவை ஏற்றுக்கொள்வார்கள், ஷமீமாவின் பங்கு என்று ஒன்றும் பிடிக்க மாட்டார்கள், அடுத்த வருடம் என் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டார்கள். வேறு யாரிடமாவது கெஞ்சிக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போட மறுபடி அதே அறைக்குப் போனோம். நான்கு பக்கத் தாள். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரியை அருண்ராஜ் விரல் வைத்துக் காட்டித் தமிழில் சொன்னார்: என் தரப்பு தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமலே இந்த ஈட்டைத் தருகிறது.

"ஒப்புக்கிட்டேனே நான்."

"இது எல்லா ஒப்பந்தத்துலயும் இருக்குற வரி மேடம்."

"எடுத்துட முடியாதா?"

"முடியாது. எடுத்தா இன்சூரன்ஸ் கையெழுத்துப் போடாது."

தப்பு யாருடையதும் இல்லை என்கிற அந்த வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டேன். தாள் மேசையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனது. ஷமீமா சால்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தாள். மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு நீளத் தழும்பு. பேனாவைப் பிடித்தாள். பிடியில் நிற்காமல் பேனா நழுவியது, இடது கையால் எடுத்து மறுபடி விரல்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். தன் பெயரின் முதல் எழுத்தை இழுத்தாள். கோடு நடுங்கி, பாதியில் நின்று, வேறெங்கோ தொடங்கியது. மூன்று எழுத்துப் பெயர். அறையில் இருந்த எல்லோரும் காத்திருந்தோம்.

"பேங்க்ல கையெழுத்து மாறிருச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க," என்றாள், பேனாவை மூடிக்கொண்டே. "இனிமே இதுதான் என் கையெழுத்துன்னு புதுசா எழுதிக் குடுத்திருக்கேன். டாக்டர் இதுக்கு மேல வராதுன்னுட்டாரு."

நான் எழுந்து அவள் பக்கம் போனேன். அருண்ராஜ் ஏதோ சொல்லத் தலையை நிமிர்த்தினார், பிறகு தாள்களை அடுக்க ஆரம்பித்தார்.

"என் தப்புதான், ஷமீமா."

நம் ஊர் வழக்கத்தில் இதற்கு ஒரே பதில்தான் உண்டு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு, நடக்கணும்னு இருந்திருக்கு. நான் அதற்குத்தான் தயாராக நின்றேன்.

"ஆமா," என்றாள் ஷமீமா. "உன் தப்புதான்."

சொல்லிவிட்டு, நடுங்கிக்கொண்டிருந்த அந்தக் கையை என் கையில் கொடுத்தாள்.